லைனைப் பிடித்துக்கொண்டிருந்த அரை மணி நேரம்

கண்ணு,

இந்தக் கடிதத்தை ரயிலில் உட்கார்ந்து பிரிக்காதே. பெங்களூரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், அறையில் தனியாக இருக்கும்போது படி. கவரின் கனத்தைப் பார்த்து, அம்மா வழக்கம்போல் எண்ணெய் தேய்த்துக் குளி, ரயிலில் யார் பிஸ்கட் கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே என்று நாலு பக்கம் எழுதியிருப்பாள் என்று நினைப்பாய். அதையெல்லாம் உன் அப்பா தனியாக எழுதுவார், அவர் அதில் குறையே வைக்கமாட்டார். நான் எழுதுவது வேறு. இதை நேரில் சொல்லத்தான் போன தடவை நீ வந்திருந்தபோது மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் இட்லிக்கு மாவு ஊற்றப் போய்விட்டேன். போனில் சொல்லலாம் என்றால், நடுவில் எந்த ஊர் டெலிபோன் போர்டிலாவது என்னைப் போல ஒருத்தி காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருபது வருடமாக அந்த வேலையைச் செய்கிறவள் சொல்கிறேன், நம்பு.

நம் வீட்டில் ஒரு கதை உண்டு. உனக்கு மனப்பாடம். யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் உன் அப்பா அதைச் சொல்லிவிடுவார். ‘எல்லா வூட்டுக்கும் ரிசல்ட்டு தபால்ல வந்துச்சு. எங்க வூட்டுக்கு மட்டும் கம்பியில வந்துச்சு’ என்று ஆரம்பிப்பார். உனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்ததை நான் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தபடியே மெட்ராசிலிருந்து தெரிந்துகொண்டதும், ஹெட்போனைக் கழற்றாமலே அழுததும், சாயங்காலம் வரும்போது அரைக் கிலோ பாதுஷா வாங்கி வந்ததும், தபால் வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே கம்பைநல்லூர் வரைக்கும் நம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேதி போனதும். போன மாதம் உன் பெரியப்பா வீட்டார் வந்தபோதும் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நீயும் பெருமையாகப் பார்த்தாய். நான் அடுப்படிக்கு எழுந்து போனேன். எனக்குக் கூச்சம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது கூச்சமில்லை, வெட்கம். ஏழு வருடமாக அந்தக் கதை வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கே, அவர்கள் போன பிறகு, பம்பாயில் நீ புதிதாகச் சேரப் போவது என்ன வேலை என்று நான் கேட்டேன். நீ காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினாய். கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் குரலை அனுப்பப் போகிறோம் என்றாய். பேச்சை எண்ணாக மாற்றி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக விடுவதாம். அனுப்புகிற புரோகிராம் முதலிலேயே நெட்வொர்க்கிடம் பேரம் பேச வேண்டுமாம். எனக்கு இவ்வளவு இடம் வேண்டும், இத்தனை நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், வழியில் ஒன்றிரண்டு தொலைந்தால் பரவாயில்லை என்று அது கேட்கும். நெட்வொர்க் தன் கையில் இருப்பதை எண்ணிப் பார்த்து, ஆகும், ஆகாது, இல்லை இவ்வளவுதான் ஆகும் என்று பதில் சொல்லும். ஆகும் என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் எவன் வந்து முட்டினாலும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, ‘ஆகாதுன்னு சொல்லிட்டா பாவமில்லையா, அந்தப் புரோகிராம் என்ன பண்ணும்?’ என்று கேட்டேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாய்.

“ஆகாதுன்னு சொல்றது நல்லதும்மா. அது வேற வழி பாத்துக்கும். சரின்னு சொல்லி உக்கார வெச்சுட்டு, அப்புறம் கவுத்து விடறதுதான் ஆபத்து. நேரம் தப்பி வந்தா வந்தும் பிரயோஜனமில்ல.”

பெற்ற பிள்ளை வாயிலிருந்து அப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை. நீ கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னதாக நினைத்தாய். நான் அந்தக் காலண்டர் தாளை வாங்கி மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிற வியாதி எனக்கு ஆதியிலிருந்தே உண்டு. உனக்கே தெரியும். ஒன்பது வயதில் உன்னைத் தீர்த்தமலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு வருடம் முழுக்க அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாய். எனக்கு டியூட்டி மாறியிருந்தது. அதை உனக்குச் சொல்லத் தைரியமில்லாமல், ‘தோ, பத்து மணிக்கு வந்துர்றேன் சாமி’ என்று சொல்லிவிட்டுப் போனேன். மத்தியானம் மூன்று மணிக்கு நான் திரும்பி வந்தபோதும் நீ ஷூவைக் கழற்றவில்லை. அழவும் இல்லை. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. முடியாது என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும், அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான் காரணம். இதை நான் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்சேஞ்ச் வேலை என்றால் உனக்கு அந்த ஹெட்போனும் போர்டில் செருகும் கயிறுகளும்தான் ஞாபகம் இருக்கும். உள்ளே நடப்பது நீ சொன்ன பேரமேதான். அப்போது நம் ஊரில் எஸ்.டி.டி. வரவில்லை. வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். ஆர்டினரி என்றால் காத்திருக்க வேண்டும், அர்ஜென்ட் என்றால் அதற்கு முன்னால், லைட்னிங் என்றால் எல்லாருக்கும் முன்னால். குறிப்பிட்ட ஆளோடுதான் பேச வேண்டும் என்றால் பி.பி. கால். குறிப்பிட்ட மணிக்குத்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு, அந்த மணிக்கு லைனைக் காலியாக வைத்திருந்து கொடுக்க வேண்டும். கேட்பவர்கள் நூறு பேர், சேலம் பக்கம் நாலு லைன், பெங்களூர் பக்கம் இரண்டு. யாருக்கு எப்போது கொடுப்பது என்பது போர்டில் உட்கார்ந்திருப்பவள் கையில். கலெக்டர் ஆபீஸிலிருந்து மண்டிக்காரர் வரை எல்லாருக்கும் அந்த இடத்தில் நான் ‘அம்மா’தான். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மெத்தைக்கடை இப்ராஹிம் பாயை உனக்குத் தெரியும். நீ ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன இலவம்பஞ்சு மெத்தை அவர் தைத்தது. அவருக்கு ஜைத்தூன் என்று ஒரே மகள். சேலத்துத் தறிக்காரப் பையன் ஒருவனை அவர் சம்மதமில்லாமல் கட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போய்விட்டாள். பாய் கோபத்தில், ‘எனக்கு மகளே இல்ல’ என்று கடைவீதியில் நின்று சொல்லிவிட்டார். சொன்ன வாய்க்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. ஒரு வருடம் கழித்து மகளிடமிருந்து இன்லேண்டு லெட்டர் வந்தது. தாராவியில் அவர்கள் குடியிருந்த வரிசைக்குக் கீழே திருநெல்வேலிக்காரர் ஒருவரின் மளிகைக்கடை, அங்கே போன் உண்டு. வருகிற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தக் கடையில் காத்திருப்பேன், அன்றைக்கு மத்தியானமே நாங்கள் பிவண்டிக்குத் தறி வேலைக்குக் குடிபோகிறோம், அங்கே போன் கிடையாது, நீங்கள் கூப்பிட்டால் மன்னித்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன், கூப்பிடவில்லை என்றால் இனிமேல் எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன் அத்தா, என்று எழுதியிருந்தாள். நம்பரைக் காட்டுவதற்காகப் பாய் அந்த லெட்டரை என்னிடம் கொடுத்ததால் முழுக்கப் படித்தேன்.

அவர் வியாழக்கிழமை பதிவு செய்ய வந்தார். பெங்களூரில் அவர் மச்சான் கடையில் போன் இருக்கிறது, விடிகாலை பஸ் பிடித்தால் பத்து மணிக்குள் போய்விடலாம், அங்கேயிருந்து பம்பாய்க்கு லைன் சுலபம் என்று அவரே யோசித்து வைத்திருந்தார். ‘இங்க பதினோரு மணிக்குக் கண்டிப்பா கெடைக்குங்களா, இல்லாட்டி நான் பெங்களூரு போயிர்றேன்’ என்று தெளிவாகத்தான் கேட்டார். இரண்டு நாளாகச் சேலம் லைன் கோளாறு, மழையில் கேபிளில் தண்ணீர் இறங்கியிருந்தது. அத்தனை பாரமும் பெங்களூர் லைன் மேல்தான் விழும் என்று எனக்குத் தெரியும். ‘போயிருங்க பாய், இங்க நிச்சயமில்ல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பஸ் ஏறியிருப்பார். நான், ‘எதுக்குங்க அலையறீங்க, நான் இருக்கேன்ல, கண்டிப்பா வாங்கித் தர்றேன்’ என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கே வந்துவிட்டார். ஜும்மா தொழுகைக்குப் போகும் வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் அந்த இன்லேண்டு. போர்டுக்கும் வெளியே பெஞ்சுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல், அதன் வழியாக அவருக்கு நான் தெரிவேன், எனக்கு அவர் தெரிவார். சேலம் முழுக்கச் செத்துவிட்டது. பெங்களூர் லைன் இரண்டில் ஒன்று காலையிலேயே கரகரவென்று போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு லைன். சூப்பர்வைசர் கேபிள் வேலையைப் பார்க்க வெளியே போயிருந்தார்.

அப்போதுதான் உன் விஷயம். மெட்ராஸ் எக்ஸ்சேஞ்சில் எனக்குக் குரல் மூலமாக மட்டும் பழக்கமான ஒருத்தி இருந்தாள், மேரி என்று பேர், முகம் தெரியாது. அவளுடைய சின்னம்மா மகன், சீட் லிஸ்ட் டைப் ஆகிற ஆபீஸில் வேலை பார்த்தான். பதினோரு மணிக்கு முன்னால் கூப்பிடு, கேட்டுச் சொல்கிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். பத்து ஐம்பதுக்கு, இருந்த ஒரே லைனில் பெங்களூர் வழியாக மெட்ராசைப் பிடித்தேன். மூன்று நிமிஷ வேலை, பதினோரு மணிக்குள் விட்டுவிடலாம் என்பது என் கணக்கு. மேரி, ‘இருடி, கேக்கறேன்’ என்று என்னை நிறுத்திவைத்துவிட்டுப் போனாள். அங்கே லிஸ்ட் வேறு மேஜைக்குப் போயிருந்தது. விட்டுவிட்டால் மறுபடி லைன் கிடைக்காது. அதனால் நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சரியாகப் பதினோரு மணிக்கு பெங்களூர் ஆபரேட்டர் குறுக்கே வந்தாள். “தருமபுரி, பாம்பே ரெடி இதெ, கொட்லா?” என்றாள். பம்பாய் தயார், கொடுக்கட்டுமா என்கிறாள். அவள் வேலையை அவள் நிமிஷம் பிசகாமல் செய்திருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால், ஆழமான கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இன்னொரு குரல் கேட்டது. “அத்தா... அத்தா...” என்றது. சின்னப் பெண் குரல். பெங்களூர்க்காரி கயிற்றைச் செருகித் தயாராக வைத்திருந்ததால் அது கசிந்து வந்தது. கண்ணு, நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், “ஸ்வல்ப இரி அக்கா” என்றேன். கொஞ்சம் இருங்கள் என்றேன். அவள் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். அப்புறம் அவள் பம்பாயை விட்டுவிட்டாள்.

சன்னலுக்கு வெளியே பாய் சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் காட்டி, இதோ என்றேன். பதினொன்று ஐந்துக்கும் இதோ, பத்துக்கும் இதோ. பதினொன்று இருபதுக்கு மேரி வந்து, “வாங்கிட்டான்டி உம் பையன், எலக்ட்ரானிக்ஸ்” என்றாள். நான் அழுதேன். உன் அப்பா சொல்வது அதுவரைக்கும் நிஜம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெங்களூரைக் கெஞ்சி மறுபடி பம்பாயை வாங்கியபோது பதினொன்று நாற்பது. மளிகைக்கடைக்காரர் எடுத்தார்.

“இப்பத்தாம்மா போனா அந்தப் புள்ள. ஒம்போது மணியிலருந்து இங்கனதான் இருந்தா. ரிசீவர வேற குடுத்தேன், ஒண்ணும் கேக்கலன்னா. சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு, அவன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்” என்றார்.

இதை அப்படியே பாயிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பதினோரு மணிக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் அவர் மச்சான் புகார் எழுதிப் போடுவார். குறித்த நேரத்துக்குப் பதிவான லைனில் சொந்த விஷயம் பேசினாள் என்று மெமோ வரும், சஸ்பென்ஷன் வரும், அதுவும் நீ காலேஜ் சேருகிற நேரத்தில். இத்தனையும் நாற்காலியிலிருந்து சன்னலுக்கு நடக்கும் நாலு எட்டில் யோசித்துவிட்டேன். சன்னலைத் திறந்து, “ஆள் வரலையாம் பாய்” என்றேன்.

அவர் புரியாத மாதிரி பார்த்தார். “நல்லா கேட்டீங்ளாம்மா? ஜைத்தூன்னு பேர் சொன்னீங்ளா?” என்றார். சொன்னேன், அப்படி யாரும் வரவே இல்லையாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் ஒரு பெண்ணையே மறைத்தேன். டிரங்க் கால் டிக்கெட்டிலும் ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாய் இன்லேண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“நீங்க என்னம்மா பண்ணுவீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன், எனக்காக அரை மணி நேரமா லைனப் புடிச்சுக்கிட்டே இருந்தீங்களே. கண்ணுல தண்ணியே வந்துருச்சு உங்களுக்கு.”

இரண்டு மாதம் கழித்து உனக்கு ஹாஸ்டலுக்கு மெத்தை வேண்டும் என்று அப்பா அவர் கடைக்குத்தான் போனார், நான் தடுத்தும் கேட்கவில்லை. இரண்டு மெத்தைக்கான பஞ்சை ஒரு மெத்தையில் அடைத்து, நாலு ஓரமும் இரட்டைத் தையல் போட்டு, பாயே தோளில் சுமந்து நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். டெலிபோன் அம்மா மகனுக்கு நான் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றார். நீ நாலு வருடம் அதில் படுத்தாய். ‘அம்மா, மெத்தைன்னா இதுதாம்மா மெத்தை’ என்று முதல் லெட்டரில் எழுதினாய். அந்த வரியை நான் இரண்டாம் தடவை படிக்கவில்லை.

நாலு நாள் பொறுத்திருந்தால் உன் ரிசல்ட் தபாலில் வந்திருக்கும். சீட் எங்கும் ஓடிப் போயிருக்காது. எனக்கு அவசரமே கிடையாது, ஆசைதான் இருந்தது. உனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து அதற்காக நான் லைனைப் பிடித்திருந்தால், தப்பு தப்புதான் என்றாலும் தலை நிமிர்ந்து சொல்லலாம். நான் பிடித்தது பாதுஷா வாங்குவதற்காக. ஏழு வருடமாகக் கடைவீதிக்குப் போனால், மெத்தைக்கடை இருக்கும் தெருவை விட்டுப் பாத்திரக்கடைத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். குறுகுறுத்துக்கொண்டே நன்றாகச் சாப்பிடவும் தூங்கவும் முடிகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பாய் சம்சாரம் மூன்று வருடத்துக்கு முன்னால் மகளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். மையத்து அடக்கத்துக்கு உன் அப்பா போனார். எனக்கு டியூட்டி என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு வார லீவு.

நீ காலண்டர் தாளில் கோடு போட்ட மறு வாரம் செவ்வாய்க்கிழமை, டியூட்டி முடிந்து நேராக மெத்தைக்கடைக்குப் போனேன். பாய் தரையில் உட்கார்ந்து நீள ஊசியால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஒரே மூச்சில், உனக்கு எழுதிய அதே வரிசையில் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மாவு ஊற்றப் போய்விடுவேன் என்று எனக்கே பயம். அவர் ஊசியைப் பஞ்சில் குத்திவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ வந்திருந்தாளா?” என்றார்.

“வந்திருந்தாங்க பாய். காலையில ஒம்போது மணிக்கே. ‘அத்தா’ன்னு கூப்பிட்டாங்க. நான் கேட்டேன்.”

“நீங்க கேட்டீங்க” என்றார். அப்புறம், “கொரலு எப்பிடி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் மறுபடி ஊசியை எடுத்தார், நூல் கோக்க வரவில்லை. “நீங்க போங்கம்மா” என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. ஏழு வருடம் மகள் வரவில்லை என்று இவரும், தகப்பன் கூப்பிடவில்லை என்று அவளும் தனித்தனியாக உட்கார்ந்திருந்ததை, அந்த ஒரு நிமிஷத்தில் அவர் எண்ணி முடித்திருப்பார்.

நேற்று முன்தினம் அவரே நம் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. கையில் அதே இன்லேண்டு, மடிப்பெல்லாம் கிழிந்து பின்பக்கம் துணி வைத்து ஒட்டியிருந்தது. “உங்க பையன் பம்பாய்க்குத்தானே போறாப்ல?” என்றார். பிவண்டி அங்கிருந்து எவ்வளவு தூரம், தேடினால் கிடைப்பாளா என்று கேட்டார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, ‘கண்டிப்பா கண்டுபிடிச்சிருவான் பாய், நான் சொல்றேன்ல’ என்று. அவர் முகம் மலரும், எனக்குப் பாரம் கொஞ்சம் குறையும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கினேன்.

“தெரியலீங்க பாய். ஏழு வருஷமாச்சு, பெரிய ஊரு. கேட்டுப் பாக்கச் சொல்றேன். முடியலைன்னா, முடியலைன்னு நானே வந்து உங்ககிட்டச் சொல்றேன்” என்றேன்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா” என்றார். “ஆனா இது போதும்.” லெட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இன்லேண்டை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரம், அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். மளிகைக்கடை நம்பரும் மருமகன் பேரும் அதில் இருக்கின்றன. நம்பர் எனக்கு எப்படியும் மறக்காது. உனக்குப் புது வேலை, புது ஊர், முதல் மாதம் மூச்சுவிட நேரமிருக்காது என்று தெரியும். உன்னால் எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று எழுது. ஆகவே ஆகாது என்றால் அதையும் எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், வேறு வழி பார்ப்பேன். என் வெட்கத்தைத் துடைப்பதற்காகச் சரி என்று மட்டும் எழுதிவிடாதே. இனிமேல் உன் அப்பா அந்தக் கதையை ஆரம்பித்தால், நான் அடுப்படிக்குப் போகப் போவதில்லை. மிச்சத்தையும் சொல்லப் போகிறேன். நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்குக் காலையில் அவர் குளித்துவிட்டு மெத்தைக்கடைப் பக்கம்தான் போனார்.

அவள் கிடைத்தால், என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல், ஒன்றையும் மறைக்காதே. ஆனால் அதெல்லாம் அப்புறம். கதவைத் திறந்ததும் நீ யார் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், அன்றைக்கு வெள்ளிக்கிழமை உங்கள் அத்தா பத்தேகாலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார் என்று சொல்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும், வந்த அன்றைக்கே, மெத்தைக்கடைத் தெரு வழியாகவே கொண்டுபோய்ச் சொல்வேன்.

அம்மா